உப்பளத்தில் கண்ணுக்குத் தெரியும் நிறம் படத்தில் ஏன் வரவில்லை? எடிட்டிங்கில் எப்படிக் கொண்டுவருவது?

கேளம்பாக்கம்_நிழல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கேளம்பாக்கத்துல இருந்து கோவளம் போற ரோட்டுல உப்பளம் இருக்கே, அதைக் கொஞ்ச நாளா படம் எடுத்துட்டு வரேன். காலைல ஆபீஸ் போறதுக்கு முன்னாடி ஸ்கூட்டியை ஓரமா நிறுத்திட்டு எடுக்கிறதுதான். அங்க வேலை செய்ற அக்காங்களே "போட்டோ புடிக்கிற பொண்ணு வந்துடுச்சு"ன்னு சொல்ற அளவுக்குப் பழகிட்டாங்க. கேமரா பழைய டிஎஸ்எல்ஆர், கூட வந்த 18-55 லென்ஸ். ரா ஃபைலாத்தான் எடுக்கிறேன், அதாவது கேமரா எதையும் மாத்தாம சேமிக்கிற மூலப் பதிவு.

நேர்ல நின்னு பார்த்தா அவ்வளவு நிறம். பாத்திக்குப் பாத்தி தண்ணி வேற வேற. ஒண்ணு பச்சை கலந்த சாம்பல், அதுக்குப் பக்கத்துலயே ஒண்ணு வெளிர் ரோஸ். வரப்பு ஓரமா உமரிச் செடி சிவந்து கிடக்கு. வீட்டுக்கு வந்து சிஸ்டம்ல திறந்தா மொத்தமும் ஒரே பழுப்பு. சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) தூக்கினா வானம் கண்ணைக் குத்துது, சேறு ஆரஞ்சாகுது, ஆனா உமரி மட்டும் மண்ணோட மண்ணாவே இருக்கு. ரோஸ் பாத்தி இருக்கிற இடமே தெரியல.

அழகாக்கணும்னு கேக்கலை. அங்க நிஜமா இருக்கிறது படத்துல வரணும், அவ்வளவுதான். லைட்ரூம், போட்டோஷாப் ரெண்டும் இருக்கு. ரா ஃபைல் ஒண்ணு லிங்க்ல போட்டிருக்கேன். யாராவது திறந்து பார்த்துச் சொன்னா பெரிய உதவி.

ஈசிஆர்_சைக்கிள்:

படம் பார்த்தேன். பாதிப் பிரச்சினை கடல் மூட்டம். நம்ம கரையில காத்துல உப்புத் துகள் நிறைய, ஈரப்பதம் ஏறினா அது தண்ணியை இழுத்துப் பெருத்துடும். அந்த அளவுத் துகள் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும், அதனாலதான் தூரத்துல இருக்கிறது எல்லாம் வெள்ளைத் திரை போட்ட மாதிரி இருக்கு.

போலரைசர் ஒண்ணு வாங்குங்க, லென்ஸ் முன்னாடி மாட்டுற, பளபளப்பை வடிகட்டுற கண்ணாடி. சூரியன் உங்க தோள் பக்கம் இருக்கணும், அதாவது நீங்க பார்க்கிற திசைக்கும் சூரியனுக்கும் 90 டிகிரி. தண்ணி மேல இருக்கிற வானப் பளபளப்பு குறைஞ்சா பாத்தியோட சொந்த நிறம் தெரியும். எடிட்ல டிஹேஸ் (மூட்டத்தைக் குறைக்கிற ஸ்லைடர்) கொஞ்சம் போதும், அதிகமானா நிழல் எல்லாம் நீலமாகிடும். மத்ததை இங்க இருக்கிற பெரியவங்க சொல்லுவாங்க.

பழைய_பிரிண்டர்:

ரா ஃபைலை இறக்கிப் பார்த்தேன்மா. போலரைசர் பத்தி மேலே சொன்னது சரி, அடுத்த தடவைக்கு வெச்சுக்கோங்க. ஆனா இந்தப் படத்திலேயே நீங்க தேடுற நிறம் இருக்கு. எங்கேயும் போகலை. ஒண்ணுக்கொண்ணு ரொம்ப நெருக்கமா உட்கார்ந்திருக்கு, அதான் கண்ணுக்குப் பிரிஞ்சு தெரியலை. அங்கே நிக்கும்போது உங்க கண்ணு அந்த வெளிச்சத்துக்குப் பழகி, பக்கத்துப் பக்கத்து நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்துப் பிரிச்சுக்கிச்சு. கேமரா அதைச் செய்யாது. வந்த வெளிச்சத்தை அப்படியே எழுதி வெச்சிருக்கு. பிரிக்கிற வேலை நம்மளோடது.

நான் 90-களில் அண்ணா சாலைப் பக்கம் ஒரு கலர் லேப்ல பிரிண்டர் மெஷின்ல இருந்தவன். சயான், மெஜந்தா, யெல்லோ, டென்சிட்டின்னு நாலு வரிசைச் சாவி. நாள் முழுக்கக் கல்யாண நெகட்டிவ். அங்கே எனக்குக் கத்துக்கொடுத்த பெரியவர் முதல் நாளே சொன்னது, பட்டுப் புடவையைப் பார்க்காதே, வேட்டியைப் பாருன்னு. மாப்பிள்ளை வேட்டி இல்லை, அது பட்டு, இயல்பாவே சந்தன நிறம். முன்வரிசையில உட்கார்ந்திருக்கிற பெரியவங்களோட பருத்தி வேட்டி. அதுலயும் சொட்டு நீலம் தூக்கலாப் போட்டு வெளுத்த வேட்டியை நம்பக் கூடாது, அதை வெள்ளையாக்கினா மணப்பெண் முகம் மஞ்சளாகிடும். சரியான வேட்டி ஒண்ணு கிடைச்சு அது வெள்ளையா வந்துட்டா, புடவையோட அரக்கும் மாம்பழ மஞ்சளும் தானா வந்து உட்காரும். யாரும் அதைத் தூக்கி நிறுத்த வேண்டியதில்லை.

உங்க படத்துல வேட்டி எதுன்னு பார்த்தேன். உப்புக் குவியல். இடது பக்கம், கீத்து மூடாம திறந்து இருக்கே, அது. அதைவிட நல்ல வெள்ளை எந்த நிலக்காட்சியிலயும் சுலபமாக் கிடைக்காது. ஆனா அந்தக் குவியலுக்கு ரெண்டு முகம் இருக்கு, பெரிசுபண்ணிப் பாருங்க. கிழக்குப் பார்த்த பக்கம் நேர் வெயில். மேற்குப் பக்கம் நிழல், அங்கே விழறது வானத்தோட வெளிச்சம் மட்டும், அதனால அந்த உப்பு நிஜமாவே நீலமா இருக்கு. எது வெள்ளைன்னு மென்பொருளுக்குத் தொட்டுக் காட்டுற ஒயிட் பேலன்ஸ் சொட்டுக்குழாயை நிழல் பக்கம் வெச்சா மொத்தப் படமும் மஞ்சள் குளிச்சுடும். வெயில் பக்கத்துலயும் உச்சியில வைக்காதீங்க, அங்கே வெள்ளை வெடிச்சு சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு சேனலும் உச்ச அளவுல முட்டி நிக்குது, அதுல தகவலே இல்லை. உச்சிக்குக் கீழே, கொஞ்சம் மங்கலா சரிஞ்சு வர இடம் இருக்கு. அங்கே வைங்க.

வெச்சதும் என்ன நடக்குதுன்னு நம்பர்ல பார்க்கணும். லைட்ரூம்ல ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டுற வரைபடம்) மேல ரைட் கிளிக் பண்ணினா எல்ஏபி மதிப்பைக் காட்டச் சொல்லலாம். இதுல எல் என்பது வெளிச்சம் மட்டும், 0 கறுப்பு, 100 வெள்ளை. ஏ என்பது பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் நடுவுல இழுபறி, மைனஸ் போனா பச்சை, ப்ளஸ் போனா மெஜந்தா. பி அதே மாதிரி நீலத்துக்கும் மஞ்சளுக்கும். ரெண்டும் 0 ஆனா சாம்பல் அல்லது வெள்ளை. 1976-ல சர்வதேச வெளிச்ச ஆணையம் வகுத்த கணக்கு இது, இன்னைக்கும் பெயின்ட்டுல இருந்து துணி வரைக்கும் இதை வெச்சுத்தான் நிறம் அளக்கிறாங்க.

கேமரா தானா போட்ட ஒயிட் பேலன்ஸ்ல உங்க வெயில் உப்போட பி மைனஸ் 6. அதாவது படம் மொத்தமும் ஒரு நீலப் பூச்சுக்குக் கீழே இருக்கு. அந்தப் பூச்சோட சாச்சுரேஷனைத் தூக்கினீங்க, பூச்சும் சேர்ந்து பெருத்துச்சு. வானம் கண்ணைக் குத்தினதுக்குக் காரணம் அதுதான்.

பூச்சை எடுத்த பிறகு நான் அளந்தது இது. சேறு: ஏ 4, பி 13. உமரி: ஏ 8, பி 10. காய்ஞ்ச புல்: ஏ 1, பி 17. ரோஸ் பாத்தி: ஏ 5, பி 2. பச்சைப் பாத்தி: ஏ மைனஸ் 3, பி 3.

இந்த அஞ்சு வரியில விஷயம் முழுக்க இருக்கு. பி-யைப் பாருங்க, எல்லாமே ப்ளஸ். சேறு, உமரி, புல் மூணும் மஞ்சள் பக்கமே நிக்குது. நம்ம ஊர்க் கோடை நிலக்காட்சி எல்லாமே அப்படித்தான். சாச்சுரேஷன் எது ஏற்கெனவே அதிகமோ அதை இன்னும் தூரம் தள்ளும், அதனால மூணும் கைகோத்து ஆரஞ்சு பக்கம் ஓடும். பிரியாது. நிறங்கள் உண்மையில பிரிஞ்சு நிக்கிறது ஏ-யில. ரோஸ் பாத்திக்கும் பச்சைப் பாத்திக்கும் நடுவுல 8 இடைவெளி, உமரிக்கும் சேத்துக்கும் 4. ஆகவே நீட்ட வேண்டியது ஏ-யை. பி-யைத் தொட்டும் தொடாமலும் விட்டா போதும்.

செய்ற முறை: லைட்ரூம்ல பேலன்ஸும் எக்ஸ்போஷரும் முடிச்சு, சாச்சுரேஷன் எதுவும் தொடாம 16 பிட்டா போட்டோஷாப்புக்கு அனுப்புங்க. 8 பிட்ல ஒரு சேனலுக்கு 256 படிதான், நீட்டினா வானத்துல பட்டை பட்டையா விழும். அங்கே மோடை லேப் கலருக்கு மாத்துங்க, மேலே சொன்ன அதே எல்ஏபிதான். கர்வ்ஸைத் திறந்து ஏ சேனல். மூலைவிட்டமா ஒரு நேர்கோடு நிக்கும். மேல் நுனியை மேல் விளிம்போடவும் கீழ் நுனியைக் கீழ் விளிம்போடவும் நடுப்பக்கம் நகர்த்துங்க, ரெண்டும் ஒரே அளவு. ஆல்ட்டை அழுத்திக் கட்டத்துக்குள்ள கிளிக் பண்ணினா 10 சதவீதக் கட்டமா மாறும், எண்ணிப் போட வசதி. ஏ-க்கு ரெண்டு கட்டம் உள்ளே, பி-க்கு ஒண்ணுகூட வேணாம், பாதி போதும். கோடு நடுப்புள்ளி வழியா போகணும், அது மட்டும் முக்கியம். நடு தவறாத வரைக்கும் உப்பு உப்பாவே இருக்கும், 0-வை எதால பெருக்கினாலும் 0 தானே. ஒயிட் பேலன்ஸை முதல்ல சரிசெய்யச் சொன்னதும் இதுக்காகத்தான்.

ரெண்டு கட்டம் உள்ளே வந்தா கோட்டோட சரிவு ஏறக்குறைய 1.67. பாத்திகளுக்கு நடுவுல 8 இருந்தது 13 ஆகும். உமரிக்கும் சேத்துக்கும் 4 இருந்தது 7 கிட்ட வரும். கேட்கச் சின்ன எண், ஆனா ஒட்டி நிக்கிற ரெண்டு நிறத்துக்கு அது பெரிய தூரம். நான் உங்க படத்துல போட்டுப் பார்த்தேன். வலது ஓரம் மூணாவது வரப்புல உமரி ஒரு கோடா சிவந்து எழுந்துச்சு. அது அங்கே இருக்குன்னு அதுக்கு முன்னாடி எனக்கே தெரியலை.

ஏ, பி ரெண்டையும் நீட்டினா நிற இரைச்சலும் நீளும். லைட்ரூம்லயே கலர் நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கொஞ்சம் ஏத்திட்டு வாங்க. நம்ம கண்ணு கூர்மையை வெளிச்சத்துலதான் தேடும், நிறம் சிறிசா மங்கினா தெரியாது.

இன்னொண்ணு, இது எடிட்டிங் இல்லாட்டியும் சொல்லணும். உமரியோட அந்தச் சிவப்பு பீட்ரூட்டுக்குச் சிவப்பு தர அதே வகை நிறமி, மண்ணுல உப்பு ஏறும்போது செடியில கூடும். உப்பு ஏறின பாத்தித் தண்ணிக்கு ரோஸ் வர்றது அதுல வாழற நுண்பாசியாலும் உப்பை விரும்பும் நுண்ணுயிராலும். அதாவது நீங்க பார்க்கிற நிறம் அலங்காரம் இல்லை, அந்த இடத்துல உப்பு எவ்வளவு ஏறியிருக்குங்கிறதுக்கு அடையாளம். அதைப் படத்துல விட்டுட்டா இடத்தையே பாதி விட்டுட்ட மாதிரி. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

போன்_மட்டும்:

பெரியவரே, போட்டோஷாப் இல்லாதவங்க என்ன பண்றது? நான் போன்லதான் எடுக்கிறேன், மெரினா, காசிமேடு, அடையாறு உடைஞ்ச பாலம். வாட்ஸ்அப்ல வந்த படத்துக்கும் இது பலிக்குமா?

பழைய_பிரிண்டர்:

கம்ப்யூட்டர் இருந்தா டார்க்டேபிள்னு இலவச மென்பொருள் இருக்கு. அதுல கலர் கான்ட்ராஸ்ட்னு ஒரு பகுதி, ரெண்டே ரெண்டு ஸ்லைடர்: பச்சை-மெஜந்தா ஒண்ணு, நீலம்-மஞ்சள் ஒண்ணு. மேலே கர்வ்ஸ்ல சொன்ன அதே வேலைதான்.

போன்லயே முடிக்கணும்னா லைட்ரூம் மொபைல்ல கலர் மிக்ஸ். அங்கே ஒரு விஷயம் கவனிங்க: நம்ம ஊர் இலையும் புல்லும் பச்சை ஸ்லைடருக்கு அவ்வளவா அசையாது, மஞ்சள் ஸ்லைடருக்குத்தான் அசையும். மஞ்சளோட ஹ்யூவை (நிறச் சாயலை) கொஞ்சம் பச்சைப் பக்கமும், ஆரஞ்சோட ஹ்யூவைக் கொஞ்சம் சிவப்புப் பக்கமும் தள்ளினா மண்ணும் செடியும் பிரியும். சாச்சுரேஷன் கடைசியில்.

வாட்ஸ்அப் படத்துல முயற்சி பண்ண வேணாம். ஜேபெக் வழக்கமா வெளிச்சத்தை முழு அளவுல வெச்சுக்கிட்டு, நிறத்தை நீளத்துல பாதி, அகலத்துல பாதியாச் சுருக்கித்தான் சேமிக்கும். அதை அனுப்பும்போது மறுபடி அமுக்கும். நாம தேடுற 3, 4 அளவு வித்தியாசம்தான் முதல்ல போற ஆள். நீட்டினா கட்டம் கட்டமா வரும். போன்ல ரா எடுக்கிற வசதி இருந்தா டிஎன்ஜிங்கிற ரா வடிவத்துல எடுங்க.

எண்ணூர்_கரை:

நல்ல விளக்கம், ஆனா எனக்கு ஒரு உறுத்தல். நான் எண்ணூர் கழிமுகப் பக்கம் எடுக்கிறவன். 2023 டிசம்பர்ல வெள்ளத்தோட எண்ணெய் பரவினப்போ அலையாத்திச் செடிகளோட அடி வரைக்கும் படிஞ்சிருந்ததை எடுத்தேன். அப்படிப்பட்ட படத்துல ஏ-யை மட்டும் நீட்டறது பொய்யாகாதா? நாளைக்கு யாராவது "நிறத்தை மாத்திட்டான்"னு சொன்னா மொத்தப் படத்தையும் ஒதுக்கிடுவாங்க. மீனவர்கள் தரப்புல சாட்சியா நிக்க வேண்டிய படம் அது.

பழைய_பிரிண்டர்:

சரியான கேள்வி, உங்க படத்துக்கு என் பதில் வேற.

ஏ-யையும் பி-யையும் வேற வேற அளவுல நீட்டினா ஹ்யூவே சாயும். சேத்தோட பழுப்பு கொஞ்சம் சிவப்புப் பக்கம் போகும். உப்பளப் படத்துல அந்தம்மா நேர்ல பார்த்தவங்க, எவ்வளவுன்னு அவங்க கண்ணே சொல்லும், அது அவங்க பார்வை. சாட்சிப் படத்துல அந்த உரிமை நமக்குக் கிடையாது. வேர்ல்டு பிரஸ் போட்டோ விதியிலயும் நிறத்தைச் சரிசெய்யலாம், ஆனா மூல நிறத்துல இருந்து ஹ்யூ விலகிப்போற அளவு மாத்தக் கூடாதுன்னு இருக்கு.

அதனால ரெண்டு சேனலுக்கும் ஒரே சரிவு வைங்க. ரெண்டும் ஒரே விகிதத்துல பெருகினா எல்ஏபி கணக்குப்படி ஹ்யூ கோணம் மாறாது, அடர்த்தி மட்டும் கூடும். அதுவும் கர்வ்ஸ்ல ஒரு கட்டத்துக்கு மேல உள்ளே வேணாம். ஒயிட் பேலன்ஸுக்குக் களத்திலேயே ஒரு சாம்பல் அட்டையை அதே வெளிச்சத்துல வெச்சு ஒரு ஃபிரேம் எடுத்துடுங்க, அப்புறம் யாரும் "நீ இஷ்டத்துக்கு வெச்சே"ன்னு சொல்ல முடியாது. ரா ஃபைலைத் தொடாம ரெண்டு இடத்துல பத்திரப்படுத்துங்க. என்ன செஞ்சோம்னு படத்தோட கீழேயே எழுதிடுங்க. எண்ணெய்ப் படிவையும் ஈரச் சேத்தையும் பிரிச்சுக் காட்ட நிறத்தைவிட எல் சேனல் அதிகம் உதவும், கறுப்புப் பகுதியில கொஞ்சம் கான்ட்ராஸ்ட் கூட்டிப் பாருங்க.

கேளம்பாக்கம்_நிழல்:

சார், ராத்திரி உட்கார்ந்து செஞ்சு பார்த்தேன். உப்போட வெயில் பக்கத்துல வெச்சதுமே பாதி மாறிடுச்சு! ஏ-க்கு ரெண்டு கட்டம் போட்டா உமரி எனக்கு அதிகமாத் தெரிஞ்சது, ஒண்ணரையில நிறுத்தினேன். ரோஸ் பாத்தி வந்துடுச்சு. நான் பார்த்தது அதேதான். வானம் மட்டும் லேசா மெஜந்தா அடிச்சது, அதை மாஸ்க் போட்டு அந்த கர்வ்ஸ்ல இருந்து விலக்கிட்டேன். சரிதானே?

அடுத்து ஒண்ணு. இதை 12-க்கு 18 இஞ்ச்ல பிரிண்ட் போட்டு அந்த அக்காங்களுக்குக் கொடுக்கலாம்னு இருக்கேன். அவங்க எப்பவும் படத்தைக் கேமரா பின்னாடி குட்டித் திரையிலதான் பார்த்திருக்காங்க. போட்டோ பிரிண்ட் போடுற கடையில கொடுத்தா இதே நிறம் வருமா?

பழைய_பிரிண்டர்:

ஒண்ணரைன்னு நீங்களே நிறுத்தினது ரொம்ப சரி. நேர்ல நின்ன கண்ணு உங்களோடது. வானத்தை விலக்கினதும் சரி, அங்கே ஏ-யில பிரிக்க எதுவும் இல்லை.

பிரிண்டுக்கு வருவோம். லேப் கலர்ல இருந்து ஆர்ஜிபிக்கு மாத்தி, எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலோட ஜேபெக் முழுத் தரத்துல எடுங்க. வேற ப்ரொஃபைல்ல கொடுத்தா பல கடையில மெஷின் அதைக் கவனிக்காது, நிறம் மங்கி வரும். உங்க ஸ்க்ரீன் வெளிச்சத்தைக் குறைச்சு, ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பக்கத்துல பிடிச்சா ரெண்டும் ஏறக்குறைய ஒத்துப்போற அளவுல வெச்சு ஒரு தடவை படத்தைப் பாருங்க. அதுல இருட்டாத் தெரிஞ்சா பிரிண்ட்லயும் இருட்டாத்தான் வரும்.

நேரா 12-க்கு 18 போடாதீங்க. படத்துல உப்பு, உமரி, ரோஸ் பாத்தி மூணும் சேர்ந்து வர ஒரு பகுதியை வெட்டி, முதல்ல 4-க்கு 6 ஒண்ணு போடுங்க. அதைக் கடை விளக்குல பார்த்து முடிவு பண்ண வேணாம், வெளியே வந்து பகல் வெளிச்சத்துல பாருங்க. முதல்ல உப்பு, அப்புறம் மத்தது. பேப்பர் மேட் வேணாம், அதுல கறுப்போட ஆழம் குறையும், உங்க படத்துல ஈரச் சேறுதான் ரோஸைத் தாங்கிப் பிடிக்குது. லஸ்டர்னு லேசாப் பளபளக்கிற பேப்பர் கேளுங்க.

கடைசியா, கொடுக்கும்போது "கரெக்‌ஷன் வேணாம்"னு கவர் மேலேயே எழுதச் சொல்லுங்க, வாயால சொன்னா மறந்துடுவாங்க. ஆட்டோ கரெக்‌ஷன் ஓடினா மெஷின் அந்த வெளிர் ரோஸைக் கலர் காஸ்ட்னு (தப்பாப் படிஞ்ச நிறப் பூச்சுன்னு) எடுத்துக்கிட்டு மொத்தமாத் துடைச்சுடும்.